மூன்றாவது நாற்காலியில் உன் படம்

என் செல்லமே, சொன்ன பேச்சு ஒன்றையும் கேட்காத என் தம்பி சேகருக்கு,

நல்லா இருக்கியாடா என்று கேட்க வாய் வருகிறது, எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இங்கே வெயில் கொளுத்துகிறது, மலை காய்ந்து கிடக்கிறது. மத்தியானத்துக்கு மேல் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்துத்தான் நீ வந்து கண் முன்னால் நிற்கிறாய். ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், "தம்பியைப் பத்தி எழுதிக் குடுங்கக்கா, போடறேன்" என்றார். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். எனக்கு மூடி மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் பெயரில் கேரம் போட்டி நடத்தப் போகிறார்களாம். முன்பு உனக்குப் பாராட்டு விழா எடுத்தார்களே, அதே விழாக்குழுதான். தலைவர் போன வாரம் நம் இட்லிக் கடைக்கு வந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "அக்கா, நீங்களும் அப்பாவும் முன்வரிசையில உக்காரணும். ஆரம்பத்துல தம்பிக்கு ஒரு நிமிஷம் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்தறோம்" என்றார்.

"ஏற்கெனவே ஒரு தடவை நின்னீங்களே, அது செல்லாதா?" என்று கேட்டேன்.

மனுஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். அவரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

இதைப் படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று சொல்ல வேண்டுமே. நீ ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆட்டோ ஓட்டுகிற பாபு பாய் வாங்கிப் போட்ட பலகையில் கேரம் பழகினவன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஆடினவன். உன் விரல் பூராவும் பவுடர் அப்பியிருக்கும். சோறு பிசையும்போதுகூட அந்த வாசனைதான் வரும். ஆயுசு பூரா மண்டியில் நெல் மூட்டை தூக்கின நம் அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"முதுகு ஒடிய தூக்கறவனுக்கு ஒரு துண்டு போட நாதியில்ல. விரலால சுண்டறவனுக்குக் கப்பு குடுக்கறாங்களாம் கப்பு!" என்பார். நீ ஒவ்வொரு கப்பாகக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பாய். அவர் அதன் மேல் சட்டையை மாட்டிவிட்டுப் போவார்.

அப்புறம் நீ பிளேன் ஏறினாய். உலகப் போட்டி. எந்தெந்த நாட்டுக்காரனோ வந்தானாம், எல்லாரையும் அடித்துவிட்டுக் கடைசி ஆட்டத்தில் சிவப்புக் காயைப் போட்டு ஜெயித்தாயாம். நீ ஜெயித்த அன்றைக்கு, நீ போயிருந்த அதே நாட்டு வெள்ளைக்காரன் ஒருத்தன் செங்கம் ரோட்டில் நம் கடையில் உட்கார்ந்து, இட்லிக்குச் சர்க்கரை கேட்டுக்கொண்டிருந்தான். ஆசிரமத்தைத் தேடி உலகமே நம் ரோட்டுக்கு வருகிறது. நம் ரோட்டிலிருந்து ஒருத்தன் உலகத்துக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்தது எவனுக்கும் தெரியவில்லை. கப்பை லுங்கியில் சுற்றிக்கொண்டு சென்னை பஸ்ஸில் வந்து இறங்கினாய். எதிர்கொண்டு கூட்டிவர பாபு பாயும் நானும்தான்.

அன்றைக்குக் கடையில் தோசை தின்றுகொண்டே சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா?

"அக்கா, எனக்கு வேலை வேணாம், வீட்டு மனை வேணாம். நம்ம ஊருல ஒரு மேடை போடணும். மேல நான் உக்காரணும். கீழ அப்பா உக்காந்து பாக்கணும். அவ்ளோதான்."

"ஆசையைப் பாரு, தொரைக்கு" என்று தலையில் குட்டினேன். ஆனால் அன்றையிலிருந்து எனக்கும் அதுவே ஆசையாகிவிட்டது.

அந்த ஆசைக்கு வழி பிறந்த மாதிரிதான் இருந்தது. உலக அரங்கில் பெயர் வாங்கின நம் ஊர்க்காரர்களுக்குப் பாராட்டு விழா என்று ஒரு குழு கிளம்பியது. அமெரிக்காவில் பெரிய டாக்டராக இருக்கிறவர் ஒருவர், வெளிநாட்டில் யோகாசனத்தில் பரிசு வாங்கின பெண் ஒருத்தி, மூன்றாவது நீ. அழைப்பிதழில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னாய். அப்போது நீ நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாய்டா. முகம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. தூக்கம் ஜாஸ்தி என்று கிண்டல் செய்தேன்.

முதல் தடவை, மலையில் கார்த்திகை தீபம் ஏற்றுகிற சமயம், போலீஸ் பந்தோபஸ்து கிடைக்காது என்று தள்ளிப்போட்டார்கள். அடுத்த தடவை அமெரிக்க டாக்டருக்கு லீவு இல்லை. அதற்கடுத்து, சென்னையிலிருந்து வரவேண்டிய பெரிய மனுஷர் தேதி கொடுக்கவில்லை. உன் கிட்னிக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டே போனது. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக உன்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "உங்களுக்குச் சர்க்கரை இருக்குதும்மா" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார்கள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டு போய் நின்றார். வயசாகிவிட்டது என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள். கொடுக்க ஆள் இருந்தும் கொடுக்க முடியாமல் நிற்பதைவிடக் கொடுமை உண்டா, சொல்லு.

கடைசியில் விழா கூடினபோது உன்னால் தலையணையில் சாய்ந்து உட்காரக்கூட முடியவில்லை.

"அஞ்சு நிமிஷம் மட்டும் தூக்கிட்டு வந்து உக்கார வைக்க முடியுமாக்கா?" என்று தலைவர் கேட்டார். உன்னைப் பார்த்ததும் அவரே, "வேணாம், போட்டோ குடுங்க, நாற்காலியில வச்சு மரியாதை பண்ணிடறோம்" என்றார். நீயும் சரி என்று தலையாட்டினாய். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்தான் இருந்தது. சிரிக்காதே என்று சொன்னதால் முறைத்துக்கொண்டிருப்பாயே, அதைத்தான் பெரிது பண்ணி, சட்டம் போட்டு வாங்கிப்போனார்கள்.

அன்றைக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். "எனக்கு மண்டியில வேலை கெடக்குது" என்றார். மண்டியை விட்டு எத்தனையோ வருஷம் ஆன மனுஷன். வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லை. பக்கத்து வீட்டு விஜயாவை உன் அருகில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். வேங்கிக்காலில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானம்தானே. நம் தெருக்கம்பம் வரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நீ படுத்த இடத்திலிருந்தே கேட்கலாம் என்று சந்தோஷமாகத்தான் கிளம்பினேன்.

மேடையில் மூன்று நாற்காலி. இரண்டில் ஆள், மூன்றாவதில் உன் படம். இடம் பற்றாமல் குத்துவிளக்கை உன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.  சிறப்பு விருந்தினரான அந்தச் சென்னைப் பெரிய மனுஷர் தாமதமாக வந்தார், வந்த வேகத்தில் மேடை ஏறினார். மூன்று பேருக்கும் மூன்று மாலை வாங்கியிருந்தார்கள். டாக்டர் கழுத்தில் ஒன்று. அந்தப் பெண் கையில் ஒன்று. மூன்றாவது உன் படத்துக்கு. போட்டுவிட்டு அப்படியே குனிந்து குத்துவிளக்கை ஏற்றினார்.

நிமிர்ந்து பார்த்தார். மாலை போட்ட படம், பக்கத்தில் எரிகிற விளக்கு. நம் ஜனங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தானே? அவருக்கு வார்த்தை தானாக வந்துவிட்டது. "இவ்வளவு இளம் வயதில் நம்மையெல்லாம் தவிக்க விட்டுச் சென்ற இந்த வீரருக்கு, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி..."

கூட்டம் தடதடவென்று எழுந்தது.

"ஐயோ, என் தம்பி உயிரோட இருக்கான்! வீட்ல இருக்கான்!" என்று கத்தினேன்டா. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். முன்வரிசைப் பெண்கள் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அழு தாயி, அழுது தீத்துடு. கூடப் பொறந்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று ஒருத்தி முதுகைத் தடவினாள். "இல்லம்மா, நெசமாவே இருக்கான்" என்றேன். "இருப்பான் தாயி, நம்ம மனசுல இருப்பான்" என்றாள். இன்னொருத்தி வாயில் சோடாவை ஊற்றினாள். கத்தக் கத்த அவர்களுக்கு இரக்கம்தான் ஜாஸ்தியானது. நான் என்னதான் செய்திருக்க வேண்டும்?

விவரம் தெரிந்த தலைவர் மேடை ஓரத்தில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டேன். "பெரிய மனுஷன் மைக்ல பேசும்போது எப்பிடிக்கா குறுக்க போறது?" என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். விஜயா மூலையில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு அரை நிமிஷத்துல உக்காந்துட்டாங்கக்கா. நாற்காலி சத்தம் கேட்டுச்சு. அழுகுணி ஆட்டம்" என்றாய்.

பாவி, அப்போதும் உனக்குச் சிரிப்பு. நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். நீ சிரித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாய், "அப்பா வந்தாரா?"

"தெரியலடா. நான் பாக்கல" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

சாயங்காலம் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து, மாலையோடு படத்தை வாசலில் சாய்த்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தெருவே திரண்டுவிட்டது. அப்பா வந்தார். மாலையைப் பிடுங்கி, ரோட்டில் நின்ற மாட்டுக்குப் போட்டார். உள்ளே வந்து உன் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அந்த மாதம் முடிவதற்குள் போயே போய்விட்டாய்.

இப்போது நான் சொல்ல வந்தது இதைத்தான். உன் காரியம் முடிந்த அன்றைக்குப் பாபு பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யம்மா, அன்னிக்கு விழாவுல நான் கடைசியில ஆட்டோவுல சாஞ்சுக்கிட்டு இருந்தேன். உங்க அப்பா வந்திருந்தாரும்மா. தலையில துண்டப் போட்டுக்கிட்டு, கடைசி வரிசையில. மொத்த கூட்டமும் எழுந்து நிக்குது, அவரு மட்டும் உக்காந்துக்கிட்டு இருக்காரு. பக்கத்துல இருந்தவன், 'பெருசு, எழுந்திரு, மரியாத தெரியாதா'ன்னு தோளப் புடிச்சு இழுக்கறான். இவரு நாற்காலிய ரெண்டு கையால புடிச்சுக்கிட்டாரு. 'எம்புள்ள இருக்கான். நான் எதுக்குடா எழுந்திரிக்கணும்'னாரு. பாக்க முடியலம்மா."

சேகரு, நீ கேட்டபடியே ஆகியிருக்கிறதுடா. மேலே உனக்கு நாற்காலி, கீழே அப்பா உட்கார்ந்து பார்த்தார். ஊரே எழுந்தும் அவர் எழவில்லை. "வந்தாரா" என்று நீ கேட்டபோது இது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது கேட்க நீ இல்லை. யாரைப் போய் நோவேன்?

அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "கால் வலிச்சுது, உக்காந்திருந்தேன். அதுக்கு இப்ப இன்னா?" என்று வள்ளென்று விழுந்தார். ஆனால் அலமாரியில் உன் கப்புகளின் மேல் இப்போது சட்டை தொங்குவதில்லை. அவரே துடைத்து வைக்கிறார். நான் பார்த்தால் துணியை மறைத்துக்கொள்கிறார்.

போட்டிக்குப் போகப் போகிறோம். எழுந்து நிற்கிற விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். நேற்று அவராகவே கேட்டார். "அன்னிக்கும் நிக்கச் சொல்லுவானுங்களா?"

"சொல்லுவாங்கப்பா. இப்போ சொல்லித்தானே ஆகணும்."

குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "எனக்குக் கால் வலி இன்னும் போகல" என்றார்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஊர் முழுக்க எழுந்து நிற்கட்டும், மரியாதை தெரியாத குடும்பம் என்று யார் வேண்டுமானாலும் பேசட்டும். முன்வரிசையில் அப்பா பக்கத்தில் நானும் உட்கார்ந்தே இருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் கால் வலி.

அப்பாவைப் பார்த்துக்கொள்கிற,
உன்னைத் தலையில் குட்டி வளர்த்த
உன் அக்கா.