வாசலில் மேடு வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம் என்றுதான் சொல்கிறார். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு மரத்தரை போடுவது என்று முடிவானதிலிருந்து எனக்கு ஒருவர் மேலும் நம்பிக்கை இல்லை. கடைக்காரர் இரண்டு மாதிரித் துண்டு கொடுத்தார். ஒன்று முழு மரம், இன்னொன்று ஒட்டுப் பலகை, மேலே மட்டும் நகக் கனத்துக்கு நல்ல மரம், அடியில் அடுக்கடுக்காய் ஒட்டியது. முழு மரம் என்றால் தேயத் தேய இழைத்துக்கொள்ளலாம், பேரன் காலம் வரைக்கும் வரும் என்றார். ஒட்டுப் பலகையைக் கேட்டால் அதுவும் அருமை என்றார். இரண்டையும் புகழ்கிற ஆளை எப்படி நம்புவது? துணி ஊறவைக்கிற வாளியில் இரண்டு துண்டையும் மூன்று நாள் போட்டுவைத்தேன். முழு மரம் உப்பி வளைந்துவிட்டது, ஒட்டுப் பலகை அசையவில்லை. அதனாலேயே அதன்மேல் சந்தேகம் கூடிவிட்டது. மரமாயிருந்தால் கொஞ்சமாவது தண்ணீர் குடிக்க வேண்டாமா? உன் அப்பாவோ ஒட்டுப் பலகைதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். குண்டூசி வாங்கக்கூட என்னைக் கேட்கிற மனிதர். அளவு நாடாவும் கையுமாகக் குளியலறை வாசல், படுக்கையறை வாசல் என்று அகலம் பார்த்தார். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார், கேட்டால் ஈரம் பார்க்கிறேன் என்றார். எனக்குத் தெரியாமல் வீட்டை விற்கப் பார்க்கிறார் என்றே முடிவுகட்டினேன். போதாக்குறைக்கு நீயும் போனில் "அப்பா சொல்றதையே போடும்மா" என்றாய். அப்பா சொன்னதை நீ எந்தக் காலத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறாய்?

நேற்றுத் தரை போடுகிறவர் வந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அப்பா வீட்டை விற்கப்போகிறாரா என்று தரைக்காரரிடமே கேட்டுவிட்டேன். அவர் முழித்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. முழு மரம்னா தரை ஒசந்து வாசலுக்கு வாசல் மேடு வரும், வீல்சேர் ஏறாது, மெல்லிசாப் போடுங்கன்னு சார்தான் சொன்னாரு. ஒரு வருஷத்துல தேவைப்படும்னு டாக்டர் சொன்னாராமே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பிறகு போய் அப்பாவின் செருப்பை எடுத்துப் பார்த்தேன். இடது கால் செருப்பு மட்டும் முனையில் தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறது. பலகையை ஊறவைத்துப் பார்த்தேனே தவிர, கூட நடக்கிறவர் காலை இழுத்து நடக்கிறதைப் பார்க்கவில்லை. அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்மேல் கோபம்தான். மறைக்கச் சொன்னது அவராயிருந்தாலும் கோபம்தான். என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார், ஒன்றுவிடாமல் எழுது. போனில் வேண்டாம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு டீச்சர் முகவரிக்கு அனுப்பு. ஒட்டுப் பலகையே போடச் சொல்லிவிட்டேன், நிறம் பிடித்துப்போயிற்று என்று அப்பாவிடம் சொன்னேன். நிஜமாகவா என்று இரண்டு தரம் கேட்டார், அவ்வளவு சந்தோஷம். அவராக எப்போது சொல்கிறாரோ அப்போது புதிதாய்க் கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொள்கிறேன். நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிருங்கள். மறக்காமல் லீவுக்கு இப்போதே எழுதிக்கொடு. அப்பா எழுந்து நடந்து வந்து உனக்குக் கதவு திறக்கிற காலத்திலேயே வந்துவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா