திருப்பி வைத்த முட்டைகள்

ஏனுங்க,

பரணைச் சுத்தம் செய்யும்போது உங்கள் தெர்மாகோல் பெட்டி அகப்பட்டது. பல்பு பட்டுக் கருகிய வாடை இன்னும் அதில் இருக்கிறது. தூக்கி எறியத்தான் எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

தொண்ணூறுகளில் நீங்கள் வேலை பார்த்த பூங்காவுக்கு ஆப்பிரிக்கச் சிறுத்தை ஆமைகள் ஒரு ஜோடி வந்தன. பெட்டைக்கு நம் மண் பிடிக்கவில்லை. குழி தோண்டும், பாதியில் விட்டுவிடும். முட்டைகளைத் தரையில் போட்டு உடைக்கும். "என்னத்தக் கேக்குதுன்னே தெரியல அம்மணி" என்று சோற்றை அளைந்துகொண்டிருப்பீர்கள். ஒரு மார்கழியில்தான் முறையாகக் குழியில் இட்டது. பூங்காவில் பொரிக்க வைக்க வசதியில்லை. அனுமதி வாங்கித் துடியலூர் வீட்டுக்கே கொண்டுவந்து, இந்தப் பெட்டிக்குள் பல்பு போட்டுச் சூட்டில் வைத்தீர்கள். ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கமும் பென்சிலால் ஒரு கோடு. ஆமை முட்டை வைத்த வாக்கிலேயே இருக்க வேண்டும், புரண்டால் உள்ளே உயிர் தங்காது என்றீர்கள். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டில் வைப்போம்.

சில மாதம் கழித்துக் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். அப்பாவைக் காவல் வைத்துவிட்டுப் போனோம். அன்னூரில் கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் நடத்தியவர், தினமும் முட்டையைத் திருப்பியே பழகிய கை. நாம் வந்ததும் பெருமையாகச் சொன்னார்: "ஒரே பக்கமா வெச்சா எப்படிங்க மாப்ள பொரிக்கும்? எல்லாத்தையும் திருப்பி வெச்சுப்போட்டனுங்க."

பெட்டியைத் திறந்தீர்கள். ஒரு கோடும் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சுங்க மாமா" என்றீர்கள். எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் பஸ் ஏறியதும் சொன்னீர்கள்: "அவருகிட்டச் சொல்லிப்போடாத. பேரனத் தூக்கற மாதிரிதான் தூக்கியிருப்பாரு."

அதன்பிறகும் ஒரு வருடம் பல்பை அணைக்கவில்லை நீங்கள். கடைசியில் ஒன்றை உடைத்துப் பார்த்தீர்கள். உள்ளே நகமளவு ஓடு, அசைவில்லாமல். எல்லாவற்றையும் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அப்பாவிடம் மட்டும், "பொரிச்சிருச்சுங்க மாமா, பூங்காவுல உட்டுட்டேன்" என்று சொன்னீர்கள். அந்தப் பெட்டை அப்புறம் முட்டையே இடவில்லை.

உங்கள் காரியம் முடிந்த அன்று, கண் மங்கிப்போன அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள போனாலும் அந்த ஆமைக இருக்குமல்ல கண்ணு? ரொம்ப வருசம் இருக்குமாம்."

"இருக்குதுங்கப்பா. நல்லாப் பெருசாயிருச்சுங்க."

அந்தப் பொய்யை இத்தனை காலம் நாம் இரண்டு பேர் சேர்ந்து சுமந்தோம். இப்போது என்னால் தனியாக முடியவில்லை. பெட்டியைப் பரணிலேயே திரும்ப வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார். மறுபடியும் கேட்பார்.