இரண்டாவது வாளி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஒரகடம் விடுதி மாடியில் சோலார் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. “ரெண்டு நாளா வெயிலே இல்ல, ஆளுக்கு ஒரு பக்கெட்டுதான் கீது” என்று வார்டன் முனியம்மா அக்கா சொல்லியிருந்தார். நேற்று வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்திருந்த நான் இரண்டு வாளி பிடித்துவிட்டேன். பிறகு, நைட் ஷிப்ட் முடித்து வந்த என் அறைத்தோழி கவியா பச்சைத்தண்ணீரில் குளித்தாள். இன்று அவளுக்குக் காய்ச்சல். “வெயில் பத்தல போல” என்கிறாள். அவள் பங்கையும் நான் பிடித்தது அவளுக்குத் தெரியாது.

சுக்குப்பொடி கொஞ்சம் அனுப்பு, அவளுக்குத்தான்.

வீட்டில் நீதான் கடைசியாகக் குளிப்பாய். உனக்கு வெந்நீர் மிஞ்சியதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை அம்மா.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
பூமாரி