வளையத்தில் படாத இரண்டு பந்துகள்

14 செப்டெம்பர் 1993, செவ்வாய்

பத்திரிகைக்காரன் என் அறிக்கையைக் கொத்திப்போட்டான். நான் படித்த கொழும்புக் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் காலிறுதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன், ஒவ்வொரு பெடியனின் பெயரும் ஊரும் போட்டு. வந்தது மூன்று வரி. இடமில்லையாம். பக்கத்தில் கரம்போர்ட் போட்டிக்கு மட்டும் எங்கிருந்து இடம் வந்தது? அவன் மைத்துனன் கரம் விளையாடுகிறவனாக இருக்கும்.

நேரில் போய்க் கேட்டேன். சனிக்கிழமை அரையிறுதியில் வென்றால் முழு அணியின் படமும் போடுவதாகச் சொன்னான். பின்னேரம் பயிற்சிக்குப் போய்ப் பெடியன்களிடம் சொன்னேன்: “பைனலுக்கு வாங்கோ, எல்லாற்ற முகமும் பேப்பரில வரும்.” துள்ளினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வருஷம் வந்து சேர்ந்த நெடுவல் ரூபன் மட்டும் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கர்வம்.

இந்தக் கொப்பியை என் மனைவி யோசெப்பின் எடுத்து வாசிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால், “உங்கட கிறுக்கலை ஆர் வாசிக்கிறது?” என்கிறாள். இன்றிலிருந்து பக்கத்துக்கு நடுவில் என் தலைமயிர் ஒன்றை வைத்து மூடப்போகிறேன். பார்ப்போம்.

18 செப்டெம்பர், சனி

தோற்றோம். ஒரு புள்ளியால். எழுத மனமில்லை.

19 செப்டெம்பர், ஞாயிறு

பூசை முடிந்து கோயிலடித் தேத்தண்ணிக் கடையில் பழைய மாணவர் நாங்கள் நேற்றைய மச்சைத் திரும்ப ஒருமுறை வாயால் விளையாடினோம். பீற்றர் ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட்டில் வேலை செய்கிறவன். ரெபரிதான் குற்றவாளி என்று தொண்டை கிழியக் கத்தினான். செபஸ்தியனுக்குப் பயிற்சியாளர் மேல் கோபம் — கப்டன் பேர்னாட்டை வெளியே இருத்தியது பிழையாம்.

நான் கேட்டேன்: கடைசி நிமிஷத்தில் ரூபனுக்குக் கிடைத்த இரண்டு பிரீ த்ரோவும் என்ன ஆனது? மறிக்க ஆளில்லை. கோட்டில் நின்று சும்மா போடவேண்டிய பந்து. ஒன்றைப் போட்டால் சமன், இரண்டையும் போட்டால் வெற்றி. பயிற்சியில் பக்கத்தில் நிற்கிறவனோடு கதைத்துக்கொண்டே போடுகிறவன். இரண்டும் வளையத்தில் படவேயில்லை. எப்படி?

செபஸ்தியன் எழும்பித் தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தான்.

இன்னொன்றை நான் அவர்களிடம் சொல்லவில்லை. இரண்டாவது பந்தும் போன பிறகு அவன் ஒரு மூச்சு விட்டான். பரீட்சை முடிந்து வெளியே வருகிறவன் விடுகிற மூச்சு. தோற்றவனுக்கு ஏன் அப்படி ஒரு மூச்சு?

21 செப்டெம்பர், செவ்வாய்

ரூபன் பயிற்சிக்கு வரவில்லை.

பீற்றர் வந்து போனான். “மச்சான், மற்றப் பள்ளிக்கூடம் அவனுக்கு அடுத்த வருஷம் இடம் குடுக்குதாம். அதுக்குத்தான் விட்டிருக்கிறான்.” யார் சொன்னது என்றால், தெமட்டகொடையில் ஒருத்தராம். பெயர் தெரியாதாம்.

ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் கூட்டம். ரூபனை அணியிலிருந்து நீக்கவேண்டும் என்று பீற்றர் கேட்கப்போகிறான். நீக்கினால் அதிபர் அவனைக் கல்லூரியிலும் வைத்திருக்கமாட்டார். நடுவருஷத்தில் சேர்த்ததே பந்துக்காக. கல்லூரி அட்டை போனால் ஆமிச் செக் பொயின்டில் எதைக் காட்டுவான்? யாழ்ப்பாணத்துப் பெடியன், வெள்ளவத்தையில் இருக்கிறான். அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

அது அவன் பாடு. செய்ததைச் செய்தான்தானே? கூட்டத்தில் நான் சொன்னால் எடுபடும், இந்த ஒஸ்வால்டின் கண்ணில் ஒன்றும் தப்பாது என்பது கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும். ஆனால் பெயர் தெரியாத தெமட்டகொடைக்காரனையும் நான் நம்பத் தயாரில்லை. நேரில் கேட்கவேண்டும்.

25 செப்டெம்பர், சனி

வெள்ளவத்தைக்குப் போனேன். ரூபன் மாமி வீட்டில் இருக்கிறான். மாமி ஜெகதீஸ்வரி கதவைத் திறந்தவள் சங்கிலியைக் கழற்றவில்லை. “அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை.” அவளுக்குப் பின்னால் அவனுடைய தோணி மாதிரிச் சப்பாத்து கிடந்தது. என்னை சீஐடி என்று நினைத்திருக்கிறாள். என் முகம் அப்படியா?

அவனே வந்து சங்கிலியைக் கழற்றினான்.

“வேணுமெண்டுதானே விட்டீர்?” என்றேன்.

“ஓம் அங்கிள்.”

சண்டைக்கு ஆயத்தமாகப் போனவன் கதிரையில் உட்கார்ந்தேன். அவன் மெதுவாகச் சொன்னான். “நெஞ்சில ஓட்டை, கொழும்பில ஒப்பரேசன் எண்டு சொல்லித்தான், யாழ்ப்பாணத்தை விட்டு வெளிய வர இயக்கத்திட்டப் பாஸ் எடுத்தனான். திரும்பி வருவன் எண்டு அம்மா பிணை நிக்கிறா. நீங்கள் பேப்பரில படம் போடுவியள், பேர், ஊர் எல்லாம் போடுவியள். பேப்பர் கிளாலிக் கடலால அங்க போயிடும். நெஞ்சில ஓட்டையெண்டவன் பந்தடிக்கிறான் எண்டு தெரிஞ்சா அம்மாவை என்ன செய்வினம்?”

“படத்துக்கு நிக்காமல் விட்டிருக்கலாமே.”

“ஏன் நிக்கேல்லை எண்டு கேப்பியள்.”

“எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்.”

நிலத்தைப் பார்த்தான். “நீங்கள் பீற்றர் அங்கிளுக்குச் சொல்லுவியள்.”

சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் வரும்போது மறுபடியும் யோசனை. கதை கட்டுகிறானோ? ஆனால் அந்த மனுசி என்னைக் கண்டதும் சங்கிலியை இறுக்கிப் பிடித்தாள். அது நடிப்பில்லை.

வீட்டுக்கு வந்து அந்த மூன்று வரிச் செய்தியை எடுத்துப் பார்த்தேன். ரூபனின் பெயர் இல்லை, ஊர் இல்லை. நான் எழுதிக் கொடுத்தபடியே போட்டிருந்தால்? கொத்திப்போட்டவன் நல்லாயிருக்கவேண்டும்.

26 செப்டெம்பர், ஞாயிறு

கூட்டத்தில் பீற்றர் எழும்பமுதல் நான் எழும்பினேன். வளையம் கோணல் என்றேன். மச் முடிந்ததும் கிட்டப்போய்ப் பார்த்தேன், இடப்பக்கம் தாழ்ந்திருந்தது, அந்த வளையத்தில் யார் போட்டாலும் போகாது என்று பொய்யை அடுக்கினேன்.

“அப்ப ஏன் போன கிழமை சொல்லயில்ல?” என்றான் பீற்றர்.

“நிச்சயப்படுத்தாமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

பந்து வளையத்தில் படவேயில்லை என்று கடையில் நானே சொன்னது ஒருவருக்கும் நினைவில்லை. நம்பினார்கள். என் ஆயுளில் நான் சொன்ன எதையும் இவ்வளவு கெதியாக நம்பியதில்லை. இப்போது பீற்றருக்கு, வளையத்தை வளைத்தது யார் என்று தெரியவேண்டுமாம். முறைப்பாடு எழுதும் வேலையை என்னிடமே தந்திருக்கிறார்கள். அவசரமில்லை, ஆறுதலாக எழுதுவேன்.

ரூபன் அணியில் இருக்கிறான்.

17 ஒக்டோபர், ஞாயிறு

புதிய சுற்றுப்போட்டியில் நேற்று வென்றோம். ரூபனைப் பிடிக்க ஆளில்லை, பாதிப் புள்ளி அவனுடையது. பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதினேன்: பேர்னாட்டின் தலைமையில் அணி சிறப்பாக ஆடி வென்றது. படம் அனுப்பவில்லை. கமரா பழுது.

இன்று பீற்றர் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருந்து காலாட்டிக்கொண்டு கேட்டான். “என்ன மச்சான், எல்லாப் புகழும் பேர்னாட்டுக்கா? அவன்ட தகப்பன் உனக்கு விஸ்கிப் போத்தல் தந்தாராமே. கடை முழுக்க அதுதான் கதை.”

இருபது வருஷமாக ஒரு தேத்தண்ணி கூடச் சும்மா வாங்கிக் குடிக்காதவன் நான். என்ன சொல்வது? இல்லை என்றால், அப்போ ஏன் ரூபனின் பெயர் இல்லை என்பான்.

குசினியிலிருந்து யோசெப்பினின் குரல் வந்தது. “ஒண்டு இல்ல பீற்றர். ரெண்டு போத்தல்.”

பீற்றர் சிரித்துவிட்டுப் போனான். போகிற வழியில் நாலு பேருக்குச் சொல்லியிருப்பான். சொல்லட்டும்.

இந்த வீட்டுக்கு விஸ்கி வந்ததில்லை. யோசெப்பினிடம் ரூபனைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. உள்ளே வந்து கொப்பியைத் திறந்தேன். பக்கத்துக்கு நடுவில் தலைமயிர் இருந்தது.

நான் வைத்தது என்னுடையது. இது நீளம்.