பெரட்டில் என் பேர்

மட்டாஞ்சேரி
12.7.1976

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ஒச்சம்மாள் கும்பிட்டு எழுதுவது. நானும் அவரும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தோட்டத்தில் மழை பிடித்திருக்கும். கம்பளி இல்லாமல் மலையேறாதீர்கள்.

தாத்தாவைத் தேயிலை நட வெள்ளைக்காரன் கப்பலேற்றிக் கொண்டுபோனான். இப்போது இரண்டு சர்க்காரும் பேசி, உங்களுக்குச் சிலோன், எனக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள். அங்கே பிறந்த என்னைத்தான் இங்கே 'தாயகம் திரும்பியவள்' என்கிறார்கள். சிரிப்புத்தான் வருகிறது.

சுக்குக் கிடங்கில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் காலையில் போய், நம் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு வரிசையில் நிற்கிற மாதிரியே முற்றத்தில் நின்றேன், கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார் என்று. மற்றப் பெண்கள் நேரே உள்ளே போய்ச் சுளகை எடுத்துப் புடைக்க உட்கார்ந்துவிட்டார்கள். கமலாக்ஷி என்கிறவள் வெளியே வந்து, "எந்தா சேச்சி, ஆரெயா காத்து நிக்குன்னே?" என்று மலையாளத்தில் கேட்டாள், யாருக்காக நிற்கிறேன் என்று. விஷயத்தைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

ஆனால் மறுநாளிலிருந்து அவளே வாசலில் நின்று, "ஒச்சம்மா!" என்று சத்தமாகக் கூப்பிடுகிறாள். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

யாராவது கப்பலேறி வந்தால் கொஞ்சம் மாசிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் ரொட்டிக்கு அரைக்கிற சம்பல் ருசிக்கவில்லை.

கிடங்கு திறக்கிற நேரமாகிவிட்டது. இன்னொன்று, அப்பா. பெரட்டில் கணக்கப்பிள்ளை பழைய ஞாபகத்தில் என் பேரை வாசித்துவிட்டால், பேசாமல் நின்றுவிடாதீர்கள். "இருக்கா" என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்
ஒச்சம்மாள்