நாக்கடியில் கரையும் மாத்திரை

மார்ச் 3
நூலகத்தில் போதை அடிமைத்தனம் பற்றிப் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. ஊசிப் போதையில் விழுந்த அண்ணன் சிகிச்சைக்குப் போய் வீட்டுக்கு வந்தபின் இதைப் பற்றியே படிக்கிறேன். என் ஆய்வு அப்படியே கிடக்கிறது. அவன் மறுபடி அச்சகத்துக்குப் போகிறான். போதை ஏக்கத்தை அடக்க, தினமும் காலையில் நாக்கடியில் ஒரு மாத்திரை. கரையும்வரை பேசக் கூடாது. "இந்த வீட்டுல இவன் என்னை எதிர்த்துப் பேசாத நேரம் இது ஒண்ணுதான்," என்கிறாள் அம்மா.

மார்ச் 5
புத்தகம் சொல்கிறது: ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று என்பது விடுதலை ஆகாது. அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன்.

மார்ச் 6
அண்ணனிடம் கேட்டேன். "அப்போ நீ இன்னும் விடலைன்னுதானே அர்த்தம்?"
"டாக்டர் குடுத்தது, புரொஃபசர்."
"எவ்வளவு காலத்துக்கு?"
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். வாதத்தில் ஜெயித்தேன்.

மார்ச் 9
மாத்திரையை நிறுத்திவிட்டானாம். "அம்மாகிட்ட சொல்லிடாதே." பெருமையாக இருந்தது.

மார்ச் 12
ஓயாத கொட்டாவி. மூக்கு ஒழுகுகிறது. சளி என்கிறான். தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. சளிதானா?

மார்ச் 15
குளியலறைக் கதவை உடைத்தோம். பக்கத்தில் ஊசி. உதடெல்லாம் நீலம். அம்மா அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "கண்ணைத் தெற, கண்ணைத் தெறடா." நான் என்ன பண்ணேன்? நின்னேன். சும்மா நின்னேன்.

ஆம்புலன்ஸ்காரர்தான் மூச்சை மீட்டார்.

மார்ச் 16
ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா: "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு? அது இல்லாட்டி உடம்பு போதையைக் கேட்கும். இத்தனை நாள் ஊசி தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்குமா?"
"நானாத்தான் நிறுத்தினேன்," என்றான் அண்ணன். என் பக்கம் திரும்பவே இல்லை.
நான் வாய் திறக்கவில்லை. என் நாக்கடியில் ஒன்றும் இல்லை.

மார்ச் 17
ச்சீ.

மார்ச் 19
அம்மா இருக்கும்போதே டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நிறுத்த வச்சது நான்தான். புத்தகத்துல படிச்சேன்."
அம்மா பார்த்த பார்வை — எழுத வேண்டாம்.
கட்டிலிலிருந்து அண்ணன்: "எதுலயும் இவதான் ஃபர்ஸ்ட் வரணும் டாக்டர். பழியிலகூட."
யாரும் சிரிக்கவில்லை.
டாக்டரம்மா என்னிடம், "கண்ணாடி போட்டிருக்கியே, நீ அதுக்கு அடிமையா?" என்றார். நான் படித்த கருத்தை மருத்துவர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்களாம். புதிய புத்தகம் ஒன்றைச் சொன்னார். அப்போதும் தலையாட்டினேன், கெட்டிக்கார மாணவி போல.

மார்ச் 26
அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று. டாக்டரம்மா சொன்ன புத்தகம் கிடைத்தது. பென்சிலோடு உட்கார்ந்தேன். அண்ணன் எதிரில் வந்து நின்று கையை நீட்டினான்.
"குடு. என்னைப் பத்தினதுதானே? முதல்ல நான் படிக்கிறேன்."
கொடுத்தேன்.
பென்சிலையும் கேட்டான்.