அம்புக்குறி கீழே பார்க்க வேண்டும்

என் குண்டூசிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். மாமாவின் குறட்டையும் சுகம். உன் மருமகளுக்கு இரண்டாவது பல்லும் விழுந்துவிட்டது. உன் போட்டோ முன்னால் நின்று ஈயென்று காட்டுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்றது உன்னை இடுப்பில் தூக்கத்தானே.

இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இரண்டாம் நம்பர் மெஷினில் மீட்டர் வந்துவிட்டதடா! வேலையும் செய்கிறது!

நீ போன பிறகு எனக்கு அங்கே ரோலர் துடைக்கும் வேலை கொடுத்தார்கள் என்று முன்பே எழுதினேன். முதல் மாதம் அந்த மெஷினைத் துணியால் தொட்டேனே தவிர கண்ணால் தொடவில்லை. பிளாஸ்டிக் தாள் எவ்வளவு இறுக்கமாக ஓடுகிறது என்று நீங்களெல்லாம் உள்ளங்கையால் தட்டித்தானே பார்ப்பீர்கள்? என் தம்பிக்குத் தராசுக் கை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அந்தக் கையைப் பிடித்துத்தான் ரோலர் உன்னை இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து, இறுக்கத்தை அளக்க மீட்டர் வையுங்கள், மீட்டர் வையுங்கள் என்று ஃபோர்மேனின் காதைத் தின்றேன். என்னைக் கண்டாலே, "வந்துட்டாங்கய்யா மீட்டரம்மா" என்று அந்தப் பக்கம் நழுவுவார்.

போன வாரம் பெட்டி வந்தது. லோடு செல் என்கிறார்கள். குளிக்கிற சோப்பு அளவு இரும்புக்கட்டி, இரண்டு. ரோலரின் இரண்டு முனையிலும் பேரிங்குக்கு அடியில் ஒவ்வொன்று உட்காரும். தாள் ரோலரை அமுக்குகிற பாரம் அதில் இறங்கி, வயர் வழியாக மீட்டரில் எண்ணாக வந்துவிடுமாம். குழாய்க்குள் வயர் இழுக்க எலக்ட்ரீஷியன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். மோட்டார் வயர் பக்கத்தில் இதை விடக்கூடாதாம், எண் பேய் பிடித்த மாதிரி ஆடுமாம். வயரைச் சுற்றி வெள்ளிச் சடை மாதிரி ஒன்று இருக்கிறது. அதை ஒரு முனையில் மட்டும்தான் எர்த்தில் கட்ட வேண்டும். ஏன் என்று கேட்டேன். "மாப்பிள்ளைக்கு ஒரு மாமியார் போதும்மா" என்றார். சிரித்துவிட்டேன். இந்த மெஷின் பக்கத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இன்று சோதித்துப் பார்த்தார்கள். தாள் ஓடுகிற வழியில் ஒரு கயிற்றைப் போட்டு, ரோலரின் நட்டநடுவில் இருபது கிலோ எடையைத் தொங்கவிட்டார்கள். மீட்டரும் இருபது காட்ட வேண்டும். அதுவோ பூஜ்யத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. வயரை எல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை எல்லாம் அதனதன் இடத்தில்தான். ஃபோர்மேனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா கழட்டித் திருப்பி அனுப்பிடறேன். நாளைக்கு எப்பவும் போல கையால தட்டியே ஓட்டுங்க" என்றார்.

சும்மா இருக்க முடியாமல் துணியை எடுத்துத் துடைத்தேன். இடது முனையில் கையூன்றினேன், எண் ஏறியது. வலது முனையில் ஊன்றினேன், பூஜ்யத்துக்கும் கீழே போனது. மறுபடியும் ஊன்றிப் பார்த்தேன். "அண்ணே, ஒருத்தன் ஏத்துறான், ஒருத்தன் இறக்குறான். ரெண்டும் சேர்ந்தா எப்படிண்ணே வரும்?" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் குனிந்து டார்ச் அடித்தார். கட்டியில் ஒரு அம்புக்குறி உண்டு. தாள் அமுக்குகிற பக்கம், அதாவது கீழே, அது பார்க்க வேண்டும். வலது கட்டியில் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் தெரியுமா? என்னால்தான். துடைக்கிற துணி மாட்டாமல் இருக்க, இரண்டு வயரும் ஒரே பக்கமாக வரட்டும் என்று ஃபிட்டரிடம் நான்தான் கேட்டேன். அவரும் நம்ம அக்கா கேட்கிறாளே என்று ஒன்றைக் கவிழ்த்துப் பூட்டிவிட்டார். மறைக்க மனசு வரவில்லை, ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கெடுத்ததும் நீங்க, கண்டுபிடிச்சதும் நீங்க. திட்டவா, கும்பிடவா?" என்றார்.

திருப்பிப் பூட்டி, ரோலரின் சொந்தப் பாரத்தைப் பூஜ்யமாக்கி, எடையைத் தொங்கவிட்டால்… இருபது! அப்படியே இருபது! கைதட்டினார்களடா! பிறகு தாளைப் போட்டு ஓட்டினார்கள். எண் முப்பத்தெட்டில் நின்றது. உன் கூட்டாளி பழக்க தோஷத்தில் கையை நீட்டினான். "கையை பாக்கெட்ல போடுடா எருமை!" என்று நான் போட்ட சத்தத்தில் மெஷினே நின்றிருக்கும். அவன் போட்டுக்கொண்டான். அதற்குமேல் ஒருத்தரும் தொடவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து நான் அண்ணனோடு வயர் வேலைக்கு. மூன்றாம் நம்பர் மெஷினுக்கும் பெட்டி வருகிறதாம்.

நீ எங்கே இருந்தாலும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும், என் சாமி. ஒன்றே ஒன்று. முப்பத்தெட்டைப் பார்த்ததிலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்குத் தாள்மேல் கை வைத்தாயே, அப்போது அது எத்தனையில் ஓடிக்கொண்டிருந்ததடா?

உன் அக்கா